கோல்கீப்பருக்கு அரைப்பேர்

உலகக் கால்பந்தாட்ட வரலாற்றை இரண்டு யுகங்களாகப் பிரிக்கலாம். ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே, கித்துல்கந்தைத் தோட்டத்துக் கால்பந்தாட்டக் கழகத்தின் நிர்வாகக் குழு கூடுவதற்கு முந்திய யுகம் ஒன்று. கூடி, ரோல்ஸ் சாப்பிட்டு, தீர்மானம் நிறைவேற்றிய பிந்திய யுகம் மற்றது. அந்தக் குழுவின் செயலாளர் நான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சொல்ல வேறு யாரும் முன்வராததால் சொல்கிறேன்.

எங்கள் பையன்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. பெரிய தொகையல்ல. டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஜுனைதீன் முதலாளி, பந்து மேல் உள்ள பிரியத்தில் மாதா மாதம் கொடுத்து வந்தார். இந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. "இனி இவ்வளவுதான் ஏலும், குறை நெனக்க வேணாம்" என்று பாதியை அனுப்பிவிட்டார்.

காசு குறைந்துவிட்டதே என்று சாதாரண மனிதர்கள் கவலைப்படுவார்கள். நாங்கள் நிர்வாகக் குழு. எங்கள் ஆலோசகர் றினாஸ், முதலாளியின் மகன், ஒன்லைனில் விளையாட்டு முகாமைத்துவ டிப்ளோமா முடித்தவன். அவன் லெப்டொப்பைத் திறந்து, "அங்கிள், இதுக்கு ஐரோப்பாவுல 'செலரி கேப்' எண்டு சொல்ற" என்றான். அந்த நிமிஷமே எங்கள் வறுமைக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. அதுவரை காசில்லாத கழகமாக இருந்தோம். அதன்பின் 'சம்பள உச்சவரம்பு' உள்ள கழகமாகிவிட்டோம்.

உச்சவரம்பு வீரர்களுக்கு மட்டும்தான். குழு உறுப்பினர்கள் வாங்குவது 'கூட்டப்படி'. படி என்பது சம்பளம் ஆகாது என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகக் கண்டுபிடித்தோம்.

கூட்டம் நடந்த இடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். அங்கே இருப்பதெல்லாம் மூன்று வயதுக்காரர்களின் பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். அந்த நிலையிலும் நாங்கள் தலை நிமிர்ந்தே யோசித்தோம்.

"யார வெச்சிக்கிறது, யார விடுறது எண்டு மனசு சொல்லப் படாது, டேட்டா சொல்லணும்" என்றான் றினாஸ்.

"டேட்டான்னா என்னா தம்பி?" என்று கேட்டார் பொருளாளர் காத்தமுத்து. மலையில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை.

"எண்ணிக்கைதான் அங்கிள்."

"அட, இம்புட்டுத்தானா! அதத்தானேய்யா நான் முப்பது வருசமா கொழுந்து மடுவத்துல செஞ்சேன்! நோம் வச்சிருவோம். நோம் வந்தா முழுப்பேரு, வராட்டி அரைப்பேரு. வெள்ளக்காரனே போட்ட கணக்கு. அதுக்கு மேல என்னா டேட்டா?"

தோட்டம் அறியாத வாசகருக்காக ஒரு வார்த்தை. இங்கே கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மடுவம் என்றும் ஒரு நாள் கூலிக்கு 'பேர்' என்றும் பெயர். இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு அளவு உண்டு, அதுதான் நோம். அது வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. கூட எடுத்தால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. மழையா, அட்டையா, செடியில் கொழுந்தே இல்லையா என்றெல்லாம் தராசு கேட்பதில்லை. கேள்வி கேட்காத அந்தக் குணம்தான் தராசின் சிறப்பு. நிர்வாகத்தின் சிறப்பும் அதுவே.

முன்வரிசைக்காரன் கோலை நோக்கி அடித்த பந்துகள், பின்வரிசைக்காரன் வெளியே உதைத்த பந்துகள், கோல்கீப்பர் கையால் தொட்ட பந்துகள் என்று ஆளுக்கொரு நோம் வைத்தோம். தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் அரைப்பேர் வாங்கியவர் 'விடுவிக்கப்படுவார்'. நீக்கம் என்ற சொல் மனதைப் புண்படுத்தும் என்பதால் அதை நாங்கள் நீக்கிவிட்டோம்.

இந்த விஞ்ஞானம் முதலில் கண்டுபிடித்த குற்றவாளி சசி.

சசி எங்கள் கோல்கீப்பர். றப்பர் மலையில் பால்வெட்டுகிறவன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று அவன் போடும் சத்தம் பக்கத்து டிவிசனுக்குக் கேட்கும். "எடது பக்கம் ஏறுடா! ஒம்பது நம்பர புடி! பின்னால வராண்டா!" அவன் கத்தக் கத்தப் பின்வரிசை நகரும், எதிராளிக்கு வழி இருக்காது. அந்த சீசனில் எங்கள் வலைக்குள் பந்து போனதே அபூர்வம். இதை நாங்கள் திறமை என்று நினைத்துப் பல வருடம் ஏமாந்திருந்தோம். டேட்டா எங்கள் கண்ணைத் திறந்தது. சசி பந்தைத் தொடுவதே இல்லை.

"ஆளு சும்மாவே நிக்கிறான்யா" என்றார் காத்தமுத்து. "கத்துறான். கத்துறதுக்கெல்லாம் பேரு போட முடியுமா?"

முப்பது வருடம் மலையில் கத்தியே சம்பளம் வாங்கியவர் இதைச் சொன்னபோது அனுபவத்தின் கனம் தெரிந்தது.

இரண்டு ஆட்டத்தில் அரைப்பேர் விழுந்ததும் சசியைக் கூப்பிட்டு விசாரித்தோம்.

"பந்து வரலைங்க ஐயா" என்றான்.

"ஏன் வரல?"

"நாங்க வர விடலைங்க."

"கேட்டுக்கிட்டீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!" என்று காத்தமுத்து துள்ளியதில் நாற்காலியின் ஒரு கால் போய்விட்டது.

அப்போது அவன் மனைவி விஜயகலா கதவடியில் வந்து நின்றாள். கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். சேலை நனையாமல் கட்டும் படங்குச் சாக்கு இன்னும் இடுப்பில் இருந்தது.

"ஐயா, மழையில பால்வெட்டு கெடயாதுங்க. கழகம் குடுக்கிறத வச்சித்தான் மாசத்த தள்ளுறோம். அதுவும் போச்சுன்னா இவரு கொழும்புக்கு, சாமான் கடை வேலைக்குத்தான் போவணும். மாசத்துல ஒரு நாளு லீவு குடுப்பாங்களாம். புள்ளைக்கு ரெண்டு வயசுங்க. வந்து நின்னா யாருன்னு கேக்கும்."

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. உண்மையாகவே கனத்தது, கண்ணும் கலங்கியது. கலங்கிய கண்ணோடுதான் கையைத் தூக்கி, விதியில் மாற்றம் வேண்டாம் என்று வாக்களித்தேன். அடுத்த ஆட்டத்திலும் நோம் வராவிட்டால் சசிக்கு விடுவிப்பு என்று முடிவாயிற்று.

விஜயகலா படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். அன்று பொழுது சாய்ந்ததும் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய், பின்வரிசைப் பையன்களின் அம்மாக்களோடும் அக்காக்களோடும் அவள் பேசியதைக் குழு அறிந்திருக்கவில்லை. கொழுந்து மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், அல்லது வயிற்றில் பிள்ளை, நோம் வராது என்று தெரிந்தால், பக்கத்து நிரைக்காரிகள் போகிற போக்கில் ஆளுக்கொரு கைப்பிடிக் கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்கு முழுப்பேர் விழும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கங்காணியும் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பார்.

அடுத்த ஆட்டம் மாவனல்லை அணியோடு. தொடங்கியதிலிருந்தே எங்கள் பின்வரிசையிடம் ஒரு பண்பாடு தெரிந்தது. எதிராளி பந்தோடு வந்தால் விலகி வழிவிட்டார்கள். ஒருவன் "போங்க, போங்க" என்று கையும் காட்டினான். மாவனல்லைக் கேப்டன் ஹஸீப் குழம்பிப் போய் ஒரு பந்தை மெதுவாக அடித்தான். சசி பிடித்தான். பிடித்து எங்கள் பின்வரிசைக்கு உருட்டினான். பின்வரிசை அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் மறுபடி ஹஸீபின் காலடியிலேயே வைத்தது.

நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "மே மொகத கரன்னே?" இது என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார்.

"எங்களுக்கும் வெளங்கல்ல மாத்தையா" என்றான் ஹஸீப். "கேக்காமலே பந்து தாராங்க. எடுக்கோணுமா, வேணாமா?"

எடுக்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லாததால் ஆட்டம் தொடர்ந்தது. போகப் போக ஹஸீபுக்கு ரோஷம் வந்து உண்மையாகவே அடிக்கத் தொடங்கினான். சசி இடது பக்கம் பாய்ந்தான். வலது பக்கம் பாய்ந்தான். சேற்றில் விழுந்து, நெஞ்சால் தடுத்து, விரல் நுனியால் தட்டிவிட்டான். வரம்பில் நின்ற பெண்கள் மடுவத்தில் நிறுவை சொல்வதைப்போல ஒவ்வொரு பந்தையும் உரக்க எண்ணினார்கள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன் ஒருவன் தவறுதலாக ஒரு கோல் அடித்துவிட, வென்றும் தொலைத்தோம்.

விஜயகலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள். சசியின் சேற்றுக் கையைப் பிடித்து அது சிரித்தது. நானும் சிரித்தேன். கூட்டம் கூடும் வரை சிரித்தேன்.

கூட்டத்தில் காத்தமுத்து கணக்குப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் இருண்டது.

"என்னாங்க, நோம் வந்திருச்சுல்ல?" என்று கேட்டான் கதவடியில் நின்ற சசி.

"வந்துச்சு தம்பி. நோமுக்கு மேல மூணு மடங்கு வந்துச்சு. அதானே வம்பு! மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு போடணும். போட்டா ஒன் சம்பளம் ஏறுது. ஏறுனா மொத்தக் கணக்கு கேப்ப தாண்டுது."

றினாஸ் லெப்டொப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சோகமாகத் தலையாட்டினான். "சொரி சசி நானா. நீங்க இப்ப எங்களுக்குத் தாங்க முடியாத ப்ளேயர்."

"அந்த மேலதிகக் காசு எனக்கு வேணாங்க. பழைய சம்பளமே போதும்."

இங்கே நான் எழுந்தேன். எழுவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. "அது உழைப்புச் சுரண்டல்" என்றேன். "பாடுபட்டவனுக்குரிய காசைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள இந்தக் கழகம் ஒருநாளும் உடன்படாது. அந்தப் பாவத்தைச் செய்வதைவிட உன்னை அனுப்பிவிடுவது மேல்."

சசி எங்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "கொறஞ்சாலும் போவணும், கூடுனாலும் போவணும். அப்ப எவ்வளவு புடிச்சா இருக்கலாம்? அதயாவது சொல்லுங்க."

"சரியா நோமுக்கு" என்றார் காத்தமுத்து.

"மிச்சப் பந்து வந்தா என்னாங்க செய்யுறது?"

"அது ஒன் தொழிலு. அதுல நாங்க தலையிடக் கூடாது."

சசி ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பஸ் ஏறினான். கழகத்தின் செலவில் ஒரு மாலை போட்டோம். பஸ் புறப்பட்டதும் குழந்தை "அப்பா, அப்பா" என்று அழுதது. அன்றைக்கு அதற்கு அப்பாவைத் தெரிந்திருந்தது. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் உச்சவரம்புக்குக் கீழே வந்துவிட்டோம். மிஞ்சிய தொகையை என்ன செய்வது என்று நீண்ட நேரம் விவாதித்து, இவ்வளவு மனவேதனையான கூட்டங்களை நடத்தியதற்காகக் கூட்டப்படியை உயர்த்திக்கொண்டோம்.

புதிய கோல்கீப்பர் காத்தமுத்துவின் மருமகன். உறவுக்காக எடுக்கவில்லை, விண்ணப்பித்தவர்களில் அவன் ஒருவனே மாமனாரின் சிபாரிசோடு வந்திருந்தான்.

அவனுடைய முதல் ஆட்டம் குருவிட்ட அணியோடு. பிள்ளைக்காம்பரா நாற்காலிகளைத் தகரக் கொட்டகைக்கடியில் வரிசையாகப் போட்டு நாங்கள் அமர்ந்திருந்தோம். இடைவேளைக்குள் ஆறு கோல் விழுந்தது. அதன்பின் குருவிட்டக்காரர்களே கொண்டாடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் டேட்டா வேறு கதை சொன்னது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மருமகன் வலைக்குள் குனிந்து பந்தைக் கையால் எடுத்துக் கொடுத்தான். விதி தெளிவானது: கையால் தொட்ட பந்து.

"நோம் வந்திருச்சு!" என்று காத்தமுத்து பூரித்துப் போனார். "முழுப்பேரு!"

ஆட்டம் முடிந்ததும் நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். சம்பள உச்சவரம்பை மீறாமல், நோமையும் தவறவிடாமல், தோல்வி ஒன்றைத் தவிர வேறெந்தக் குறையும் இல்லாமல் ஆடிய கழகம் தீவிலேயே இது ஒன்றுதான் என்று அறிவித்தேன். யாரும் கைதட்டவில்லை. நெகிழ்ச்சியாக இருக்கலாம்.

விஜயகலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள்.

"ஐயா, பந்த தொடலன்னு எங்க ஊட்டுக்காரருக்கு அரைப்பேரு போட்டீங்க. சரி. வருசம் பூரா பந்தையே தொடாம இந்தச் சின்னப் புள்ளைக நாக்காலியில குந்தியிருக்கீங்களே, ஒங்களுக்கெல்லாம் என்னா பேருங்க?"

மைதானம் முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. பையன்கள் திரும்பினார்கள், வரம்பில் நின்ற பெண்கள் திரும்பினார்கள், குருவிட்டக்காரர்களும் திரும்பினார்கள். றினாஸ் லெப்டொப்பை மூடினான். காத்தமுத்து வானத்தைப் பார்த்தார்.

கேள்வி நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் நான் பதில் சொல்லவில்லை. மாலையில் கூட்டம் முடிந்து படியைக் கையில் வாங்கும்போதுதான் பதில் தெரிந்தது. முழுப்பேர். மேலதிகக் கிலோவும் சேர்த்து.