நாற்பத்து நான்காவது மாடு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறர் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு குறையும் வருவதில்லை.

பதினோரு ஆண்டுகளாகத் தாங்கள் விடுமுறை தவறாமல் அந்த வறண்ட ஏரியைத் தோண்டுகிறீர்கள். பொதுமக்கள் கொண்டுவரும் எலும்பு, பல், கொம்பு ஆகியவற்றைப் பார்த்து இன்னதென்று எழுதிக் கையெழுத்திடுவது அருங்காட்சியகத்தில் என் வேலை என்பதால், தோண்டியதையெல்லாம் என்னிடமே கொண்டுவந்தீர்கள். மொத்தம் நாற்பத்து மூன்று பொருட்கள். முப்பத்தொன்று மாடு, ஏழு ஆடு, மூன்று மரவேர், ஒன்று கழிவறைப் பீங்கான், மீதமுள்ள ஒன்று யாரோ ஒரு பெரியவருடைய பல் செட். ஒவ்வொன்றுக்கும் தாங்கள் முகம் வாடிப் போனீர்கள்; பிறகு உறவினர் நடுவே எனக்கு ‘மாட்டு டாக்டர்’ என்று பெயர் வைத்தீர்கள். நான் கோபப்படவில்லை. இப்போதும் கோபத்தில் எழுதவில்லை என்பதை என் கையெழுத்தின் நேர்த்தியைக் கண்டே தாங்கள் உணரலாம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆண்டுப் பதிவேட்டை மூடும் நாளன்று தாங்கள் போன் செய்தீர்கள். “மாப்பிள்ளை, இந்தத் தடவை கொம்பு! பல்லோட!” என்றீர்கள். “மாடு” என்றேன். “பாக்காமலேயா?” என்றீர்கள். “உங்க ஏரியில வேற என்ன மச்சான் செத்திருக்கும்?” என்று கேட்டுவிட்டு, பதிவேடு மூடுகிறார்களே என்ற அவசரத்தில் நாற்பத்து நான்காம் படிவத்தில் ‘மாடு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இருபத்தெட்டு ஆண்டுப் பணியில் பொருளைக் கண்ணால் காணாமல் நான் இட்ட ஒரே கையெழுத்து அது. தாங்கள் அதைப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமாக எழுதி, அவர் அதை அச்சிட்டு, அதைப் படித்த நிர்வாகம் மூவர் குழு ஒன்றை அமைத்து, வரும் வெள்ளிக்கிழமை அக்குழு பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறது. நான் எழுதியது பொய்யென்று தெரிந்தால் அந்த மேசையில் நான் மறுபடி உட்கார முடியாது. பொய்தான் என்பது எனக்குத் தெரியும். பெட்டியை நான் முன்னமே திறந்துவிட்டேன்.

போன் செய்த பிறகு தாங்கள் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன அந்தப் பெட்டி தையல் இயந்திரத்தின் மேல் இருந்தது. உள்ளே உள்ளங்கையளவு ஒரு மேல்தாடை, அதனோடு ஒட்டிய நெற்றி, நெற்றி நடுவில் ஒரு கொம்பு. கொம்பின் நீளம் அறுபத்தொரு மில்லிமீட்டர். பற்கள் பதினொன்று, அவற்றில் நான்கு முன்பற்கள், இரண்டு கோரைப்பற்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. இது பள்ளிப்பிள்ளைக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், மாட்டுக்கும் தெரியும். கோரைப்பல்லைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் உள்ள பழக்கம். கல் வழுக்கும், புதைந்து பழையதான எலும்பு நாக்கைச் சற்றே பிடிக்கும். இது பிடித்தது. பிடித்தது விடவில்லை. இழுத்தேன், வரவில்லை, நான் நாற்காலியில் அமர்ந்து, வாயிலிருந்து ஒரு கொம்பு நீண்டிருக்க, கல்வி கற்ற மனிதன் இந்நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று சிந்தித்துக்கொண்டிருக்கையில் தங்கள் தங்கை உள்ளே வந்தாள். “என்னங்க, வாய்ல என்ன?” “ம்ம்.” “அண்ணன் குடுத்ததா? கழுவினீங்களா?” “ம்ம்ம்.” “அம்பது வயசுக்கு மேல எதையாவது எடுத்து வாய்ல வச்சுக்கிட்டு... அதட்டி இழுக்காதீங்க, அது பயந்து இன்னும் இறுக்கிப் பிடிக்கும்” என்று சொல்லி, தாடையின் ஓரத்தை விரலால் இரண்டு தடவை தடவிக் கொடுத்தாள். விட்டுவிட்டது. எது பயந்தது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது ஊசிச் சோதனை. பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் புதிய எலும்பு தீய்ந்த மயிர் போல நாறும், கல்லாகிப்போன எலும்பு நாறாது. நட்டநடுப் பகலில், சன்னல் திறந்திருக்க, ஊசியைக் கொண்டுபோனேன். நாற்றம் வருவதற்குள் எலும்பு விலகியது. அதிகமில்லை, ஒரு மில்லிமீட்டர். ஆனால் மச்சான், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நகர்ந்ததுதானே! நான் ஊசியைக் கீழே வைத்தேன். அது திரும்பித் தன் பழைய இடத்துக்கு வந்தது.

மறுநாள் கொம்பு அறுபத்து நான்கு. அதற்கும் மறுநாள் எழுபது. அளவுகோலைச் சந்தேகித்தேன், என் கண்ணைச் சந்தேகித்தேன், பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வார்ப்புக்காரரிடம் போனேன். பிளாஸ்டரில் அச்செடுக்கும் அந்த மனிதர் முப்பது ஆண்டுகளில் அளவு பிசகாதவர். திங்கட்கிழமை அச்செடுத்தார். வியாழக்கிழமை சரிபார்ப்பதற்காகத் தாடையை அந்த அச்சுக்குள் வைத்தார். நுழையவில்லை. ஓரத்தைச் சீவினார், தூசு தட்டினார், மறுபடி வைத்தார். “சார், காஞ்சாலும் இந்த அச்சு சுருங்காது சார். சாமான் எப்படி சார் பெருசாகும்?” என்றார். பதில் சொல்ல நான் வாயெடுக்குமுன் தட்டில் ‘டிக்’ என்று ஏதோ விழுந்தது. ஒரு முன்பல். எடுத்துப் பார்த்தேன், வேர் இல்லை. உடைந்த வேர் இல்லை, கரைந்த வேர். கீழிருந்து புதுப்பல் தள்ளும்போது பால்பல்லின் வேர் அப்படித்தான் கரையும். குழியில் வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது. வார்ப்புக்காரர் கைகளைக் கழுவினார், மேலங்கியைக் கழற்றி மாட்டினார், “பல்லு விழுற வயசா சார் இதுக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். இன்றுவரை வேலைக்கு வரவில்லை.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். தங்கள் தங்கைக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பெட்டியின் விளிம்பு கடிபட்டிருப்பதைக் காட்டினேன். “பல்லு முளைக்கற நேரம், ஊறல் எடுக்கும், கடிக்கத்தான் செய்யும்” என்றாள். நான் சாப்பிடும்போது அடுத்த அறையிலிருந்து வேறொருவரும் மெல்லுகிற சத்தம் கேட்கிறது. நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்துகிறது. காலையில் அவள் பெட்டியை வெயிலில் வைக்கிறாள், வெயில் நகர்ந்தால் பெட்டியையும் நகர்த்துகிறாள். பெட்டியை எந்தப் பக்கமாக வைத்தாலும் சற்று நேரத்தில் கொம்பு வடமேற்கே பார்க்கிறது. திசைகாட்டி வைத்துப் பார்த்தேன். வடமேற்கே, நேர்கோட்டில், தங்கள் ஏரி.

இந்த நிலையில்தான் தங்கள் கடிதம் வந்தது. “மாப்பிள்ளை, அந்தக் குழிக்குப் பக்கத்துலயே பெருசா ஒரு கொம்பு செங்குத்தா நிக்குது. போன வாரம் முழங்கால் உசரம், இப்ப என் இடுப்புக்கு வருது. மண்ணு இறங்குதுன்னு நினைக்கிறேன். வசதியா இருக்கு, குடையையும் சாப்பாட்டுப் பையையும் அதுலதான் மாட்டி வைக்கிறேன்.” மச்சான், கொம்புல யாராவது குடை மாட்டுவாங்களா? மண்ணு இறங்கலை, அது எழுந்திரிக்குது! உங்க பெட்டியில இருக்கிறது குட்டி. குட்டி இருந்தா, அதைப் பெத்தது ஒண்ணு இருக்கும்ல? அதோட தலைமேல குடையை மாட்டிட்டு, அதோட பிள்ளையை எங்கிட்ட குடுத்திட்டு, பேப்பர்ல வேற எழுதிட்டு உட்கார்ந்திருக்கீங்க!

மன்னிக்கவும். மொழி சற்று நழுவிவிட்டது.

ஆகவே, தங்களுக்கு என் இறுதி அறிவிப்பு இது. நாற்பத்து நான்காம் படிவத்தை நான் திரும்பப் பெறுகிறேன். வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் நின்று, ‘பார்க்காமல் எழுதினேன், எழுதியது தவறு, இது மாடன்று, என்னவென்று நானறியேன்’ என்று சொல்லி, ராஜினாமாவையும் கொடுத்துவிடுவேன். மேசை போகலாம், பொய்க்குக் கீழே என் கையெழுத்து இருக்கக் கூடாது. பொருளைக் குழுவிடமே ஒப்படைத்துவிடுவேன். தெரியாத எலும்பை நடுவே அறுத்து, மெல்லிய சீவலாக்கி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்ப்பது முறை. அவர்கள் முறைப்படி செய்யட்டும். தாங்கள் இனி எங்கள் வீட்டு வாசற்படியைப் பெட்டியோடு மிதிக்கவேண்டாம். பெட்டி இல்லாமலும் அவசரமில்லை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று, மண்வெட்டியை மட்டும் தொடாமல், நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: புதன்கிழமை எழுதிய இதைத் தபாலில் சேர்க்கவில்லை. இன்று வெள்ளி, பிற்பகல்; தபாலுக்கு நேரமில்லை, மாலை பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழி முழுவதும் மடி சூடாக இருந்தது. குழுவின் தலைவர் அறுவை இயந்திரத்தை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். அது ஓடத் தொடங்கியதும் பெட்டிக்குள் அந்த எலும்பு மெல்ல நகர்ந்து, மூலைக்குப் போய், என் விரல் இருந்த பக்கமாக ஒட்டிக்கொண்டது. “டாக்டர், உங்க வாயாலயே சொல்லுங்க. இது என்ன?” என்றார் தலைவர். “மாடு” என்றேன். “மேல் முன்பல் இருக்கே?” “பிறவிக்குறை.” “கோரைப்பல்?” “பெரிய குறை.” இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் பொய் சொன்னதில்லை என்பதால் மூவரும் நம்பிக் கையெழுத்திட்டார்கள். அறுக்கவில்லை; பெட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேலே எழுதியவற்றில் வாழ்த்தைத் தவிர வேறெதையும் பொருட்படுத்த வேண்டாம்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான், தங்கள் தங்கை, குட்டி என நாங்கள் மூவரும் புறப்படுகிறோம். அதற்குள் குடையை எடுத்துவிடுங்கள். ஏரிக்குள் இறங்காமல், கரையிலேயே நில்லுங்கள். தாய் கேட்டால், மச்சான், தயவுசெய்து மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்: பத்திரமாக இருக்கிறது, இரண்டு பல் விழுந்து முளைத்திருக்கிறது, கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள் என்று.