லண்டன் டாக்டருக்கு விழுந்த திட்டு

"அந்த டாக்டரு இன்னாத்துக்குங்க கம்பவுண்டரே இப்பிடி ஓடுறாரு?"

பஞ்சாயத்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பச்சமுத்து, ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேதகிரியைக் கேட்டான். ஓடிக்கொண்டிருந்தது லண்டன் ஆஸ்பத்திரித் தொடர். அந்த நாட்டில் வருஷக்கணக்காக வருகிறதாம். மருந்து பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் படிக்கிறவருக்கு இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும் என்று ஊரே சேர்ந்து அவரை அர்த்தம் சொல்ல உட்கார வைத்துவிட்டது. மனுஷனும் தெரியாது என்று சொல்லாமல் பெருமையாக உட்கார்ந்துவிட்டார்.

"நோயாளிக்கு சீரியஸு. காப்பாத்த ஓடுறாரு."

"அங்க டாக்டரு ஓடியாறாரு," என்றாள் பாஞ்சாலி. "எம்பொண்ணு காய்ச்சல்ல அனத்திக்கினு கீது. நம்ம டாக்டரு எங்க?"

"மீட்டிங்கும்மா!"

மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது! டாக்டர் காஞ்சிபுரத்தில் சொந்தக் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தார். எப்போதாவது வந்து தலையைக் காட்டுவார். மற்ற நாளெல்லாம் வேதகிரிதான் எல்லா வியாதிக்கும் சிவப்புத் தண்ணியை ஊற்றிக் கொடுத்து, மாத்திரையைப் பீரோவில் பூட்டி ராஜாங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். எவனாவது மேலே எழுதிப் போட்டால் முதலில் போவது அவர் வேலைதான்.

அடுத்த வாரம் உஷாராகிவிட்டார். வெள்ளைக்கார டாக்டர் கோட்டை மாட்டியதும், "வூட்டுக்குக் கெளம்பறாரு. நோயாளி காத்துக்கினு கெடக்கட்டும்ங்கிறாரு. எல்லா ஊர்லயும் இப்பிடித்தான்" என்றார்.

கூட்டம் கொதித்துப் போனது.

"ஆளு மூச்சு வாங்கிக்கினு கீறான், இவனுக்கு வூடு கேக்குதா? கட்டையில போறவன்!" என்றாள் பாஞ்சாலி.

"சம்பளம் வாங்குறியே, வெக்கமா இல்ல?" என்று பச்சமுத்து டி.வி.யைப் பார்த்துக் கத்தினான்.

வேதகிரி பதறிப்போய், "இல்லல்ல, டாக்டரு நல்லவருதான். மருந்துதான் இல்லியாம்" என்று மாற்றினார். அது இன்னும் வினையாகிவிட்டது.

"இல்லாம எங்க பூடும்? கம்பவுண்டரு பூட்டி வெச்சிருப்பான்," என்றாள் பாஞ்சாலி. "அவனை இஸ்துப் போட்டு மிதிக்கணும்!"

"லண்டன்ல கம்பவுண்டரே கெடையாதும்மா!"

"அப்போ மருந்தை யாரு முழுங்கறாங்க?"

சுற்றிலும் இருந்த பெண்கள் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டார்கள். வேதகிரிக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. எழுந்து போய் டி.வி.யை அணைத்தார்.

"போதும்! இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போங்க எல்லாரும்!"

யாரும் சண்டைக்கு வரவில்லை. புடவையை உதறிக்கொண்டு, என்னவோ வந்த வேலை முடிந்த மாதிரி நிம்மதியாகக் கிளம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் செங்கேணி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வேதகிரி அவளிடம் புலம்பினார்.

"அறிவு கெட்ட ஜனங்க. நாடகத்துல நடிக்கிறவனைப் போயி இந்தத் திட்டுத் திட்டுதுங்களே, செங்கேணி!"

செங்கேணி பாயை மூலையில் சாத்தினாள்.

"உன் மூஞ்சிக்கு நேரா திட்டினா மறுநா மாத்திரை குடுப்பியாண்ணே?"