ஒன்றரைப் பாட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு

மூன்றாவது முறையாகப் பாட்டு பாதியில் நின்றது. கைப்பேசித் திரையில் அதே கேள்வி: பாஸ்வேர்டு?

"மறுபடியுமா?" என்றாள் மனைவி, கட்டிலில் படுத்தபடியே. கண் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரு வாரம் எழுந்திருக்கக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இருட்டில் அவளுக்குத் துணை பாட்டு ஒன்றுதான்.

அவன் பூட்டு ரிப்பேர்க்காரன். சாவி தொலைந்த எந்த பீரோவும் அவன் கை பட்டால் மூன்று நிமிடத்தில் வாயைத் திறந்துவிடும். பாட்டு ஆப் எம்மாத்திரம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

பாஸ்வேர்டு சின்னதாக இருப்பதால் சந்தேகப்படுகிறதோ என்று, பதினெட்டு எழுத்தில் புதிதாக ஒன்று வைத்தான். பல்லவி முடிவதற்குள் வெளியே தள்ளியது. ஆப்பையே நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினான். அவள் இறக்கி வைத்திருந்த முந்நூறு பாட்டும் போயே போச்சு. இப்போது பல்லவிகூட வரவில்லை.

கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு மெய்சிலிர்த்தது. சரியான சாவியைப் போட்டால் எந்தப் பூட்டும் மறு பேச்சுப் பேசாது. இதுவோ சாவியை வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்து, உள்ளே விட்டு, ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது.

"இதுக்கு உசிரு இருக்கு," என்றான் தாழ்ந்த குரலில். "என்னை எடை போடுது. இருபது வருஷத்துல இப்படி ஒரு பூட்டை நான் பார்த்ததில்ல."

"சிரிக்க வைக்காதீங்க. கண்ணுல தண்ணி வந்துடும்."

கடைசியாக ஒரு முறை, ஏறக்குறையக் கும்பிட்டபடி எழுத்துகளைத் தட்டினான். பாதுகாப்புக் கருதிக் கணக்கு ஒரு நாள் முடக்கப்பட்டதாகத் திரை அறிவித்தது. தோற்றவன், ஜெயித்தவனை மரியாதையோடு பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல், நின்ற பாட்டை விட்ட இடத்திலிருந்து தானே பாடத் தொடங்கினான். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுப்படியிலிருந்து மாமியார் தன் கைப்பேசியோடு எட்டிப்பார்த்தார்.

"மாப்பிள்ளை, இவ பாட்டுக் கணக்கை என் நம்பர்லதானே ஆரம்பிச்சா? காலையிலேர்ந்து எவனோ அதுல பூந்துக்கிட்டே இருக்கான். 'உள்ள வந்தது நீங்கதானா'ன்னு எனக்குக் கேட்டுக் கேட்டு வருது. விடுவேனா? ஒவ்வொரு தடவையும் 'நான் இல்லை'ன்னு அழுத்தி, அவனை வெளிய தள்ளிட்டேன்."