நனைந்தவளின் குற்றம்

மினுக்கநாடு என்றொரு தேசம் இருந்தது. அங்கே விற்பனைக்கு வரும் எந்தப் பொருளின் பக்கத்திலும் ஒரு பெண்ணின் படம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். உப்புக்கும் உண்டு, உரத்துக்கும் உண்டு, மாட்டுத் தீவனத்துக்கும் உண்டு. அரசரின் மைத்துனர் தண்ணீர் மோட்டார் விற்றார். அதற்காகக் கடைவீதிச் சுவர் முழுக்க ஒருத்தி மெல்லிய சேலையில் நனைந்து நின்று சிரித்தாள். மோட்டார் எங்கோ எலுமிச்சம்பழ அளவில் இருந்தது.

அதைப் பார்த்தே வளர்ந்த வாலிபர்களுக்கு ஒரு கட்டத்தில் படம் மட்டும் போதவில்லை. வீதியில் போகிற பெண்கள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். ஊற்றிவிட்டு, சுவரில் இருப்பவளைப் போல இவள் ஏன் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள்.

பெண்கள் அரண்மனைக்குப் போய் முறையிட்டார்கள். மந்திரி வல்லபராயர் மூன்று நாள் ஆராய்ந்தார்.

"சுவர் யார்மீதும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆகவே சுவர் குற்றமற்றது. வாலிபர்களோ நாட்டின் எதிர்காலம். மிஞ்சுவது பெண்கள்தான்" என்றார்.

கடை திறந்திருக்கும் நேரத்தில் பெண்கள் தெருவில் நடமாடக் கூடாது என்று முரசறைந்தார்கள். தெருவில் பெண்கள் குறைந்து வீதி களையிழந்ததால், படங்களை இரட்டிப்பாக்கினார்கள்.

வேம்பரசி பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பிள்ளை வலி கடை நேரம் பார்த்து வருவதில்லை. ஒரு நண்பகலில் கொத்தனார் மாசிலன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா, பவளத்துக்கு வலி எடுத்து ரொம்ப நேரமாச்சு. கொழந்தை குறுக்கால கெடக்குதாம். சீக்கிரம் வாங்கக்கா!"

"நீ முன்னால ஓடிப்போயி வெந்நி வை. அக்கா வந்துட்டாங்கன்னு உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு, தைரியமா இருப்பா."

கடைவீதியில் நான்கு வாளித் தண்ணீர் அவள்மேல் விழுந்தது. காவலர்கள் பாய்ந்து வந்து, வாளிக்காரர்களை மரியாதையாக விலக்கிவிட்டு அவளைப் பிடித்தார்கள். கடை நேரத்தில் நடமாடியது ஒரு குற்றம்; நனைந்த சேலையோடு பொது இடத்தில் நின்றது அதைவிடப் பெரிய ஆபாசக் குற்றம்.

"ஐயா, தண்டனைய அப்புறம் குடுங்க" என்று சபையில் அவள் கெஞ்சினாள். "அங்க ஒருத்தி உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கா. நான் போகலைன்னா செத்துருவா."

"ஒழுக்கத்தை அவசரப்படுத்த முடியாது, பெண்ணே" என்றார் மந்திரி.

சபைச் சுவரிலும் அந்தப் படம் இருந்தது. அரசர் அண்ணாந்து பார்த்தார். "அவளும் நனைந்துதானே இருக்கிறாள்?"

"பிரபு, அவள் உரிமம் பெற்று நனைந்திருக்கிறாள்."

விசாரணை பொழுது சாயும்வரை நீண்டது. எச்சரித்து விடுவித்ததும் வேம்பரசி ஈரச் சேலை தடுக்கத் தடுக்க ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பவளமும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்த நாட்டில் யாருக்கும் எதுவும் கூசவில்லை.

அரசர் மெய்யாகவே கண்கலங்கினார். தாய்மையைப் போற்றும் வகையில் பவளத்தின் படத்தைக் கடைவீதியில் அறுபதடி உயரத்துக்கு வரைய ஆணையிட்டார். மைத்துனர் பெருந்தன்மையோடு செலவை ஏற்றுக்கொண்டார்.

"எப்படி வரைய வேண்டும், ஐயா?" என்று ஓவியர் கேட்டார்.

"வழக்கம்போல" என்றார் மந்திரி.

திறப்பு விழாவுக்கு மாசிலனை அழைத்து வந்து, மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். திரை விலகியது. கூட்டம் விசிலடித்தது. மாசிலன் எழுந்து நின்று, சுவரில் இருந்தவளை உச்சியிலிருந்து பாதம்வரை வெகுநேரம் தேடினான். பிறகு பக்கத்திலிருந்த காவலரிடம் கேட்டான்.

"இதுல எம் பவளம் எங்கய்யா?"