பின்பக்கப் பொத்தானும் மெயின்லேண்ட் கப்பலும்

ஒழுங்காக வேலை செய்யும் பொருளை நோண்டாமல் விட்டுவைக்க ஒரு மனப்பக்குவம் வேண்டும். ஐம்பதை நெருங்கியும் எனக்கு அது வரவில்லை.

கேமராவில் சாதாரணமாக எல்லாம் ஒரே பொத்தான்தான். பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகும், முழுதாக அழுத்தினால் படம் விழும். இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இணையத்தில் ஒரு தாடிக்காரர், விவரம் தெரிந்தவர்கள் ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிவிடுவார்கள் என்றார். கட்டைவிரல் ஃபோகஸ் செய்யும், ஆள்காட்டி விரல் படம் எடுப்பதோடு சரி. ('விவரம் தெரிந்தவர்கள்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், என் கை சும்மா இருக்காது.) எங்கள் தீவில், கராச்சர்மாவில் இருக்கும் என் வீட்டில் அப்போதே செட்டிங்கை மாற்றினேன்.

மறுநாள் அண்ணனுக்குக் கப்பல்.

அண்ணன் வடக்கே ரங்கத்தில் கடை வைத்திருந்தார். வயிற்றில் ஏதோ கட்டி, மெயின்லேண்டுக்கு, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்தில் போகலாமே என்றதற்கு, "அதுல போனா ஆஸ்பத்திரி சீக்கிரம் வந்துரும்டா" என்று கப்பலில் பங்க் படுக்கைக்கு டிக்கெட் போடச் சொன்னார். வழியனுப்ப மாயாபந்தரிலிருந்தும் ரங்கத்திலிருந்தும் மொத்தக் குடும்பமும் பஸ் ஏறி வந்திருந்தது. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாரையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துருங்க தம்பி."

கேமரா பையின் ஜிப்பைத் திறந்தேன்.

கப்பல் ஏறும் ஜெட்டியில் மழை தூறி, சாயங்காலம் போல இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் ஃபோனைத் தூக்கினார்கள். "அதெல்லாம் உள்ள வைங்க, நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து, வெளிச்சம் போதுமா என்று தூரத்தில் நின்ற கப்பலை முதலில் ஒரு படம் எடுத்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். அற்புதம்.

நீங்களும் வந்து நில்லுங்கள் என்றார் அண்ணி. சாமான் தூக்க உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு வங்காளி பிஸ்வாஸ் பாபுவிடம் கேமராவைக் கொடுத்து, கட்டைவிரல் சித்தாந்தத்தை இந்தியில் விளக்கத் தொடங்கினேன். அதற்குள் ஒலிபெருக்கி பயணிகளை உள்ளே கூப்பிட்டது. கேட்டில் இருந்தவர் விசில் ஊதினார். பதற்றம் வந்தால் எனக்கு முதலில் போவது இந்தி, அப்புறம் மூச்சு. "பட்டன் தபாவ், பாபு, ஜல்தி" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஈரத்தில் வழுக்கி, அண்ணனின் தோளைப் பிடித்துத் தொங்கினேன். நோயாளி அவர், தாங்கிப் பிடிக்கப்பட்டவன் நான்.

பிஸ்வாஸ் பாபு, புத்தியுள்ள எந்த மனிதரும் செய்வதுபோல, மேலே இருந்த பொத்தானை மட்டும் நாலைந்து தடவை அழுத்தினார். கேமராவின் சின்னத் திரையில் எல்லோரும் அழகாகத்தான் இருந்தோம். அண்ணன் அண்ணியோடு கேட்டைத் தாண்டிப் போனார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். கப்பலின் உயிர்காப்புப் படகு, அதைக் கட்டிய கயிறு, கயிற்றின் ஒவ்வொரு புரியும் துல்லியம். அதற்கு முன்னால் நனைந்த பஞ்சு மூட்டைகளாக எங்கள் குடும்பம். பின்பக்கப் பொத்தானை யாரும் தொடாததால் ஃபோகஸ் நான் விட்ட கப்பலிலேயே நின்றுவிட்டது. அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும். மானிட்டரைத் துடைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கண் டாக்டரிடம் போகலாமா என்றுகூட ஒரு கணம் ஆசையாக யோசித்தேன்.

நடுக்கடலில் ஃபோன் கிடைக்காது. கப்பல் கரை சேரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் அண்ணன் ஃபோனை எடுத்ததும் அழாத குறையாகச் சொன்னேன்.

"விடுறா. இங்க ஸ்கேன் எடுத்தவனுக்கே நான் சரியா விழலையாம், நாளைக்கு மறுபடி வரச் சொல்லிருக்கான். ஊருக்கு வந்து நிக்கிறேன், அப்ப எடு."

அவர் வரவில்லை. அண்ணிதான் வந்தார், விமானத்தில், சிவப்புத் துணி கட்டிய செம்பை மடியில் வைத்துக்கொண்டு.

கேமராவைப் பழைய முறைக்கே மாற்றிவிட்டேன். தாடிக்காரர் மேல் தப்பில்லை. கேமரா நம் கையை விட்டுப் போகாதவரை அது நல்ல முறைதான்.

காரியத்துக்கு, அடையாள அட்டையில் இருந்த அண்ணனின் முகத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணி அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, ஜெட்டிப் படத்தைப் பெரிய சட்டம் போட்டு மாட்டினார். இப்போது ரங்கத்தில் யார் கூடினாலும் அதன் முன்னால் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஒரே நீலப் புகையை மூன்று பேர் 'நான்தான்' என்பார்கள். என்னை இன்றுவரை டிராலி பை என்றுதான் முடிவுகட்டியிருக்கிறார்கள். பார்த்துச் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போவோம்.

அண்ணி மட்டும் நடுவில் இருக்கும் ஒரு வெள்ளைக் கலங்கலில் நேராக விரலை வைப்பார்.

"உங்கண்ணன் சிரிக்கிறார் பாருங்க."

மூக்கே தெரியாத முகத்தில் சிரிப்பு எங்கே தெரிகிறது என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. எனக்குத் தெரியும், அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தோளில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன் அல்லவா.