வீமனும் வெளிச்சப் பொட்டும்

ஒரு நல்ல நாயைப் பழுதாக்குவதற்கு ஒரு கைமணிக்கூடும் வேலை கிடைக்காத ஒரு பட்டதாரியும் போதும். நாயின் பெயர் வீமன். பட்டதாரி நான். மணிக்கூடு மலாயாவிலிருந்து மாமா அனுப்பியது. (அந்த நாட்டின் பெயர் மாறிப் பல வருடங்களாகியும் எங்கள் இணுவில் ஊருக்கு அது மலாயாதான்.)

எழுபதுகளின் தொடக்கம் அது. காலையில் விறாந்தையில் உட்கார்ந்து பத்திரிகையில் வேலை விளம்பரம் தேடுவேன். ஒருநாள் மணிக்கூட்டுக் கண்ணாடியில் வெயில் பட்டு, சுவரில் ஒரு சதக் காசளவு வெளிச்சப் பொட்டு விழுந்தது. வீமன் அதைப் பிடிக்கப் பாய்ந்து சுவரில் மூக்கை இடித்துக்கொண்டான். நான் சிரித்தேன். கையை அசைத்தேன், பொட்டு ஓடியது, அவனும் ஓடினான். இரண்டு மாதங்களுக்கு எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே உத்தியோகம் அதுதான்.

மூன்றாம் மாதம் அவனுக்கு நான் தேவைப்படவில்லை. கிணற்றடி வாளித் தண்ணீரின் மினுக்கம், அம்மாவின் செம்பு, என் சைக்கிள் மணி, எதுவானாலும் போதும். எங்கள் வீட்டு நடு அறைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதனூடாக நிலத்தில் விழும் வெயில் வட்டத்தின் முன் ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவான். வட்டம் நகர நகரச் சீமெந்தைக் கால்களால் கிண்டிக்கொண்டு கூடவே நகருவான். சோறு வைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டான். விலா எலும்பு தெரியத் தொடங்கியது. பக்கத்து வீட்டார் நாயின் கண்ணுக்குப் பேய் தெரிகிறது என்றார்கள். என்னைப் பெற்ற ஐயா, அதற்குப் பைத்தியம், விசர் என்று முடிவு கட்டினார்.

சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி அவனை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். யார் பழக்கியது என்று அவர் கேட்டார். தானாகவே பழகியது என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார்.

“முதல்லை உந்த மணிக்கூட்டைக் கழட்டி வையும். பிறகு நாய்க்கு வேறை வேலை குடும். நல்லா நடத்தும், மோந்து தேட விடும். வெளிச்சத்தைத் துரத்திக் கலைச்சால் சிரிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம், கூப்பிட்டு வேறை பக்கம் கொண்டு போம். வெளிச்சத்தை நிப்பாட்டலாம் எண்டு மட்டும் நினையாதையும். சூரியனை என்ன செய்யப் போறீர்?”

நான் வீடு வந்து சேர்வதற்குள் நடை, மோப்பம் எல்லாம் மறந்துபோயின. வெளிச்சத்தை நிறுத்துவது என்ற ஒன்று மட்டும் மனதில் நின்றது. (நாற்காலியில் இருந்தபடி செய்யக்கூடிய வைத்தியம் அது ஒன்றுதான்போல் பட்டது.)

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. பவளக்காவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. செவ்வாய்க் குற்றமுள்ள சாதகம். ஏற்கெனவே மூன்று பேச்சுகள் முறிந்திருந்தன. இது அரியாலை ஊர்ச் சம்பந்தம், மாப்பிள்ளை நில அளவைக் கந்தோரில் வேலை, பொருத்தம் எண்பது வீதம். இதுவும் தவறினால் இனி ஒன்று வருவது சந்தேகம் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வழக்கமாகப் பெண் பார்ப்பது கோயிலில் நடக்கும். யாரோ யாரையோ கும்பிட வந்த மாதிரி வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மாப்பிள்ளையின் தாயாருக்கு அது போதவில்லை. வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்றார். நாள் பார்த்ததில் சுபநேரம் காலை பத்து மணிக்கு விழுந்தது. கண்ணாடி ஓட்டு வட்டம் நடு அறையில் பளிச்சென்று இருக்கும் நேரமும் அதுதான்.

விசர் நாய் உள்ள வீடு என்று ஒரு சொல் வெளியே போகக்கூடாது என்றார் ஐயா. நாயைக் கட்டிப்போட்டால் மரநிழலில் ஆடும் வெயிலைப் பார்த்து ஊரைக் கூட்டும். அயல் வீட்டில் விட்டுப் பார்த்தோம். கயிற்றைக் கடித்தறுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வீடு வந்து நின்றது. அது என் பொறுப்பு, விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். வாழ்க்கையில் நான் வலிந்து ஏற்ற முதல் பொறுப்பு அது.

விடியற்காலையில் கூரையில் ஏறிக் கண்ணாடி ஓட்டைச் சாக்கினால் மூடினேன். யன்னல்களைப் பூட்டி, நீக்கல்களில் துணி அடைத்தேன். கண்ணாடி போட்ட படங்களையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பினேன். சாமிப் படத்தை மட்டும் அம்மா தொடவிடவில்லை. அதற்கு ஒரு துண்டு போர்த்தினேன். அம்மா மூன்று நாள் புளி போட்டு மினுக்கிய குத்துவிளக்கைச் சாம்பல் பூசி மங்கவைத்தேன், ஏற்றவும் கூடாது என்றேன். அம்மா மூலையில் இருந்து அழுதார். செத்தவீட்டில்கூட ஒரு விளக்கு எரியும். ஆனால் வீமன் உள்ளறையில் கால் நீட்டி, மாதக்கணக்கில் தூங்காத தூக்கம் தூங்கினான். நான் என் திறமையை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த மாப்பிள்ளை, உட்காரப் போட்டிருந்த கதிரையில் முழங்காலை இடித்தார். தாயார் சுவரைத் தடவித் தடவி நடந்தார். அக்கா தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து, மாப்பிள்ளை என்று நினைத்துத் தரகருக்கு முதலில் நீட்டினாள். தரகர் வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டார்.

ஏன் வீடு இப்படி இருட்டாக இருக்கிறது என்று தாயார் கேட்டார். வெயில் கடுமை என்றார் ஐயா.

“பிள்ளையை ஒருக்கா வெளிச்சத்திலை பாப்பமே?” என்றார் தாயார்.

“அவவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது” என்று ஐயா வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

இருட்டில்கூட அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது தெரிந்தது. பகலில் வெளியே காட்ட முடியாத பெண்ணுக்கு என்னென்ன இருக்கலாம் என்று அவர்கள் மனது கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. நிலைமையைச் சரிக்கட்ட வேண்டியது என் கடமை என்று நினைத்தேன்.

“வெளிச்சம் ஆகாது எண்டு டொக்டர் சொன்னவர்” என்றேன்.

“எந்த டொக்டர்?” என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் அதுவரை பேசியது அது ஒன்றுதான்.

தாயார் எழுந்து போய்த் தானே யன்னலைத் திறந்தார். வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. காதில் ஏழு கல் வைரத்தோடு. அறை முழுக்க வெளிச்சப் பொட்டுகள் சிதறின. சுவரில் சில, முகட்டில் சில, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இரண்டு.

வீமன் உள்ளறையிலிருந்து வந்ததை யாரும் காணவில்லை. மாப்பிள்ளை கதிரையோடு மல்லாந்து கிடந்ததைத்தான் கண்டோம். அவர் நெஞ்சின் மேல் நின்று சட்டைப்பையைக் கிண்டிக்கொண்டிருந்தது நாய். தாயார் ஐயோ என்று தலையை ஆட்டினார். தலை ஆட ஆடப் பொட்டுகள் ஆடின. பொட்டுகள் ஆட ஆட நாய்க்கு உசார் கூடியது. நான் யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

“மாமி, தோட்டைக் கழட்டுங்கோ.”

யாழ்ப்பாணத்தில் எந்தப் பெண்வீட்டாரும் மாப்பிள்ளையின் தாயிடம், அதுவும் முதல் நாளில், கேட்காத ஒன்றை நான் கேட்டுவிட்டேன். அவர் பயத்தில் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்தினார். பொட்டுகள் மறைந்தன. வீமன் நின்றுவிட்டான். தோப்புக்கரணம் போட ஆயத்தமானவர்போல அவர் யன்னலடியில் நின்றார்.

அக்கா தட்டத்தைக் கீழே வைத்தாள்.

“நாய்க்கு விசரில்லை. எனக்கும் ஒரு குறையுமில்லை. உவன் தம்பி வேலையில்லாமல் மணிக்கூட்டு வெளிச்சத்தாலை விளையாடி நாயைப் பழுதாக்கிப்போட்டான்.” பிறகு ஐயாவின் பக்கம் திரும்பினாள். “நாயின்ரை குறையை மறைக்க என்னை இருட்டுக்கை வைச்சிட்டியளே, ஐயா.”

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது. முந்திய நிமிடம்வரை நான் நாயைப்பற்றி மட்டுமே யோசித்திருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர்கள் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றே அக்கா என் மணிக்கூட்டை வாங்கி அலுமாரியில் பூட்டினாள். மிருக வைத்தியர் சொன்னதை என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் வீமனைத் தோட்ட வரம்புகளில் நடத்தினாள். கருவாட்டுத் துண்டுகளை வைக்கோலுக்குள் ஒளித்துத் தேடவிட்டாள். யன்னல்கள் திறந்தே இருந்தன. அவன் பொட்டைக் கண்டு விறைத்தால் சிரிக்கமாட்டாள், ஏசமாட்டாள். ஒருமுறை பெயர் சொல்லிவிட்டு நடப்பாள். அவன் பின்னால் போவான். இரண்டு மாதத்தில் வெயில் வட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோற்றுக்குப் போகுமளவுக்கு வந்துவிட்டான்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் எல்லோரும் இருந்தோம். அவர்கள் வந்துபோன எட்டாம் நாள் தரகர் வந்தார், முகத்தில் குழப்பத்தோடு.

“மாப்பிள்ளை சொல்லிவிட்டவர். இருட்டுக்கை பொம்பிளையும் தன்னை வடிவாப் பாக்கேல்லையாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் வீதியிலை நிப்பாராம். அவ பாத்திட்டுச் சொல்லட்டாம்.”

அவர் சொன்னபடி வந்து கொதிக்கும் மணலில் நின்றார். அக்கா பார்த்துவிட்டு, சரியாகத் தெரியவில்லை, அடுத்த வெள்ளியும் பார்க்க வேண்டும் என்றாள். மூன்றாம் வெள்ளிதான் ஓம் என்றாள். ஆவணியில் கலியாணம் நடந்தது. வீமன் குணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகும், அத்தானின் தாயார் எங்கள் வாசல் படலைக்கு வெளியே நின்று தோட்டைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் உள்ளே வருவார்.

எனக்கு உத்தியோகம் கிடைத்து, வட்டுக்கோட்டையில் பெண் பார்த்தார்கள். பேசி முடிக்க எனக்கு முன்னரே அக்கா போயிருந்தாள். நான் போனபோது முற்றத்தின் நடுவில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நேரம் மத்தியானம் பன்னிரண்டு. மூன்று தரம் கதிரையை நிழலுக்கு இழுத்தேன். மூன்று தரமும் யாரோ மரியாதையாக வந்து வெயிலுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டு வழக்கம் போலும் என்று நினைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு இருந்தேன்.

தன் மச்சாளாகப் போகிற அக்காவோடு யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்ததை என் மனைவி இன்றைக்கும் வருகிற எல்லோருக்கும் சொல்லுவாள்.

“முக்கால் மணித்தியாலம் பாத்தனான். ஓம் எண்டு அஞ்சு நிமிசத்திலை முடிவெடுத்திட்டன். மிச்சம் மச்சாளுக்காக.”