பத்தாம் பதிப்பில் என்ன புதுசு?

கல்லூரியிலிருந்து மகள் கொண்டுவந்த பட்டியலில், புள்ளியியல் புத்தகத்தின் விலையில் ஒரு சைபர் அதிகமாக இருந்தது. அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். பென்சிலை எடுத்து அந்தச் சைபரை அடித்தேன்.

“பிழை இல்லப்பா. விலையே அதுதான்.”

“அத்தை பையனோட ஒன்பதாம் பதிப்பு வீட்ல சும்மாத்தானே கிடக்கு?”

“பத்தாம் பதிப்புதான் வேணுமாம்.”

“அட்டையை மாத்தியிருப்பான். ஒரு பைசா தர மாட்டேன்!” என்று சபதம் செய்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “சரி, வேணாம். பழசை வச்சு நீங்களே சொல்லிக் குடுங்க.”

“எனக்குப் புள்ளியியல்ல ஒரு புள்ளிகூடத் தெரியாதே!”

“டியூஷனும் வேணாங்கிறீங்க. போன பரீட்சை மார்க்கைப் பார்த்தீங்கல்ல?”

பார்த்தேன். அதில் அச்சுப்பிழை இல்லை.

மறுநாள் மனைவி பழுப்புக் காகித அட்டை போட்ட தடிப் புத்தகத்தோடு வந்தாள். “பத்தாம் பதிப்பு. எதிர் வீட்ல இரவல். அப்படி என்னதான் மாத்தியிருக்கான்னு பாருங்களேன். உங்களை விட்டா யார் கண்டுபிடிப்பா? அட்டையை மட்டும் கழட்டிடாதீங்க.”

நியாயமான கேள்வி. என்னதான் மாற்றியிருப்பான்? இரண்டையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். எண்ணூறு பக்கம், மூன்று வாரம். ஒரு கணக்கில் விடை மாறியிருந்தால் எது சரி என்று தெரிய வேண்டாமா? போட்டுப் பார்த்தேன். வரவில்லை. முந்தின அத்தியாயத்துக்குப் போனேன். சராசரி எப்படியெல்லாம் நம்மை ஏமாற்றும் என்று புரிந்த அன்று, பேருந்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து ஆள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

“மொத்தமே பதினோரு மாற்றம்!” என்று வீட்டில் முழங்கினேன். “பழசுலயே திருத்திட்டேன். நூத்தி நாப்பதாம் பக்கத்துக் கணக்குல புதுசுலதான் தப்பு!”

“எப்படிச் சொல்றீங்க?” என்றாள் மனைவி அப்பாவியாக.

தாளை எடுத்துப் படிப்படியாக விளக்கினேன். மகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். “அப்பா, எனக்கு இது இப்பத்தான் புரியுது!” அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

“அப்போ தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்காருங்க” என்றாள் மனைவி. “வாத்தியார் கிடைச்சாச்சு.”

மாட்டிக்கொண்டேன். போகட்டும், புத்தகச் செலவாவது மிச்சம்.

“இதை எதிர் வீட்ல குடுத்துடு” என்று நீட்டினேன். பழுப்பு அட்டை நழுவியது. முதல் பக்கத்தில் என் மகளின் பெயர்.

“கழட்டாதீங்கன்னு சொன்னேன்ல?” என்றாள் மனைவி.

அட்டைக்குள்ளிருந்து மூன்று வாரத்துக்கு முந்தைய ரசீது விழுந்தது. நான் அடித்த சைபர் அதில் அப்படியே இருந்தது.